பதினேழாம் நிலையம்

சாப்பாட்டு மேசைமேல் நாற்பத்துமூன்று ஊர்கள் கிடந்தன.

தன் மகளின் நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்களை ஒட்டி அவள்தான் கட்டம் போட்டிருந்தாள். இடப்பக்கத்துக் கட்டங்கள் அவளுடையவை: கோடையின் உச்ச வெப்பம், மழை நாட்கள், காற்றின் ஈரம், புழுதி. வலப்பக்கம் கணவனுடையவை: மூடப்பட்ட பத்திரிகைகள், ஊரடங்கு நாட்கள், கைதுகள், வீடு திரும்பாதவர்கள். அவளிடம் நீலப் பென்சில், அவனிடம் சிவப்பு. எந்த நிறம் விழுந்தாலும் அந்த ஊர் தீர்ந்தது.

அவள் வானிலைப் பதிவு அலுவலகத்தில் பதினாறு வருடம் எழுத்தராக இருந்தவள். ஊர்களைப் பெயரால் சொல்லிப் பழக்கமில்லை. நிலைய எண்தான் வாயில் வரும். போன வருடம் அவள் வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு, நினைவுப் பரிசாக மரப்பெட்டியில் ஒரு வெப்பமானியைக் கொடுத்து அனுப்பினார்கள். கணவன் ஒரு நாளிதழில் பிழை திருத்துபவன். இரண்டு மாதத்துக்கு முன் அந்த நாளிதழைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். அன்றிலிருந்து எதிர்வீட்டுப் படியில் ஓர் ஆள் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான்.

"மூணு நாளா அதே பக்கத்தைத்தான் படிக்கறான்," என்றான் கணவன், திரைச்சீலையை விலக்காமல். "தலைப்புல ஒரு பிழை இருக்கு. போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

உள்ளறையில் சிட்டு இருமினாள். ஒன்பது வயது. இருமல் முடிந்த பிறகு அவள் நெஞ்சில் ஒரு விசில் மிஞ்சும். அப்பா அவளை 'குக்கர்' என்று கேலி செய்வான். கேலி செய்துவிட்டு எழுந்துபோய் மருந்துக்குழலை எடுத்து வருவான். போன வாரம் டாக்டர் சீட்டை மடித்துக் கையில் கொடுத்தபோது சொன்னார்: "மருந்தை நாலு தடவை மாத்திட்டேன். இனி நீங்க ஊரை மாத்துங்க. இன்னொரு கோடை இவ இங்க இருக்கக் கூடாது."

எனவே இரண்டு பேரும் ஊர் பார்த்தார்கள்.

"ஒன்பது?"

"காத்து நல்லாருக்கும். மழைன்னா மாடி வரைக்கும் தண்ணி வரும்." நீலக் கோடு.

"முப்பத்தொண்ணு?"

"அங்க பிழை திருத்தறவனையே பிடிச்சு உள்ள வெச்சாங்க."

"திருத்தினதுக்கா?"

"திருத்தாம விட்டதுக்கு." சிவப்புக் கோடு.

மாலைக்குள் தாள் முழுக்கக் கோடாகிவிட்டது. கணவன் பென்சிலைக் கீழே போட்டான். "பொண்ணு பாக்கப் போற மாமியார் மாதிரி பண்றோம். மூக்கு சரியில்ல, நடை சரியில்லன்னு."

"பதினேழாம் எண் பாக்கி இருக்கு."

பதினேழின்மேல் கோடே இல்லை. அவள் பக்கத்தில் கோடை உச்சம் இருபத்திரண்டு டிகிரி, பன்னிரண்டு வருடமாக. அவன் பக்கம் காலி, அதுவும் பன்னிரண்டு வருடமாக. கைது இல்லை, ஊரடங்கு இல்லை. அந்த ஊரைப் பற்றி ஒரு வரிச் செய்திகூட அவன் திருத்திய ஞாபகம் இல்லை.

"ஒண்ணுமே நடக்கலையா அங்க?" என்றாள்.

"நடக்காத ஊர்தானே தேடறோம்."

அங்கே குடியேறும் விண்ணப்பத்தை அவள் தன் கையாலேயே நிரப்பினாள். தொழில் என்ற இடத்தில் உண்மையை எழுதினாள். பத்தே நாளில் பதினேழின் நகர சபையிலிருந்து பதில் வந்தது. மாடி வீடு ஒன்று தயாராக இருக்கிறது, குடும்பத்தோடு வாருங்கள். கம்பளித் துணி கொண்டுவர வேண்டாம், இங்கே கிடைக்கும்.

பதினேழுக்கு வாரத்துக்கு ஒரு ரயில். இருபத்தொன்றாம் தேதி நடுப்பகலில் இறங்கினார்கள்.

பெட்டிக் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, சுட்டு, விட்டாள். மூன்று பக்கமும் மலை. நடுவில் ஊர், சட்டிக்குள் வைத்த மாதிரி. மலையைத் தாண்டி ஒரு துளிக் காற்று வரவில்லை. தண்டவாளத்துக்கு மேலே வெயில் நெளிந்தது. அவள் தோல் சொன்னது, நாற்பது. தோல் பெரும்பாலும் ஒரு டிகிரிக்கு மேல் தப்பாது.

நடைமேடையில் இருந்த அத்தனை பேரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.

சிலர் கழுத்தில் கம்பளித் துண்டு. ஒரு பெண் கைக்குழந்தையை இரண்டு போர்வையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். யார் முகத்திலும் ஒரு சொட்டு வேர்வை இல்லை. வெளியே வரும் வழியில் மரப்பலகை ஒன்று. கையகல எண்களைக் கொக்கியில் மாட்டியிருந்தார்கள். இன்று 21.4.

"பலகை பழுது போல," என்றான் கணவன். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்சிக்காரர் ஓடிவந்து பெட்டியை வாங்கினார். அவர் விரல் அவள் விரல்மேல் பட்டது. தண்ணீர்ப் பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. காரின் கண்ணாடிகளை நான்கு பக்கமும் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "பாப்பாவுக்குக் காதை மூடி விடுங்கம்மா. ஊதக்காத்து."

கணவன் சிரித்தான். டாக்சிக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவர்கள் மூவரின் நெற்றியையும் பார்த்தார், ஒவ்வொரு நெற்றியாக.

வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும், சளசளவென்று பேசுபவள். அலமாரியில் மூன்று அளவில் ஸ்வெட்டர் மடித்து வைத்திருந்தாள். மூன்றும் சரியாக இருந்தன.

"ஃபேன் இல்லையா?" என்று அவள் கேட்டாள். கூரை நடுவில் வட்டமாகப் பூசிய தடம் தெரிந்தது.

"கொக்கி இருந்துச்சும்மா. எடுத்துட்டுப் பூசிட்டோம். இந்தக் குளிர்ல அதை யாரு போடப் போறா?"

அவள் மரப்பெட்டியைத் திறந்து வெப்பமானியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பாதரசம் ஏறி முப்பத்தொன்பதில் நின்றது. வீட்டுக்காரம்மா அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள். குழந்தை முகத்தில் ஈ உட்காராமல் துணி போடுவார்களே, அந்த மாதிரி.

"இதை உள்ள வெச்சிடுங்க. பாப்பா கண்ணுல பட வேணாம்." பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "மூணு நாள் ஆகும். உடம்பு பழகிக்கும். எனக்கு ரெண்டே நாள்தான் ஆச்சு."

முதல் இரண்டு நாள் மூவரும் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு தரையில் கிடந்தார்கள். கணவன் அதிலும் சந்தோஷமாக இருந்தான். சுவர்களில் ஒரு போஸ்டர் இல்லை என்றான். டீக்கடையில் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசவில்லை, ஏனென்றால் தாழ்த்திப் பேச வேண்டிய எதையும் பேசவில்லை. எதிர்வீட்டுப் படியில் ஆள் இல்லை. உள்ளூர்ப் பேப்பரை வாங்கி வந்து சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தான். நாலு பக்கம். முதல் பக்கத்தில் பெரிதாக அன்றைய வெப்பநிலை.

"ஒரு பிழை இல்ல," என்றான் கடைசியில். "என் சர்வீஸ்ல பிழையே இல்லாத பேப்பர் பாத்ததில்ல."

"நல்லதுதானே."

"நல்லதுதான்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனான்.

மூன்றாம் நாள் காலை அவள் எழுந்தபோது வீட்டில் ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விசில் இல்லை. சிட்டு ஸ்வெட்டர் போட்டு, கழுத்துவரை போர்வையை இழுத்து, வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயை மூடித் தூங்கியே மூன்று வருடம் ஆகிறது. அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

"ஜன்னலை சாத்தும்மா," என்றாள் சிட்டு, கண்ணைத் திறக்காமல். "குளிருது."

அன்று சிட்டு தெருவில் ஓடினாள். ஓடித் திரும்பி வந்து மூச்சு வாங்காமல் பேசினாள். "இங்க ஏம்மா ஒரு பறவைகூட இல்ல?" அம்மாவுக்கு அந்தக் கேள்வி காதில் விழவில்லை. குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே காலியான அறை மாதிரி சத்தமில்லாமல் இருந்தது.

"குக்கர் ரிப்பேரா?" என்றான் கணவன். அவன் கண் கலங்கியிருந்தது. மறுநாள் அவனும் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"நிஜமா குளிருதா உங்களுக்கு?"

"லேசா."

"வேர்க்கலையா?"

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "நீதான் தொப்பலா நனைஞ்சிருக்க," என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஆனால் சொல்லும்போது ஓரடி தள்ளி நின்றான்.

அவளுக்கு மட்டும் பழகவில்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள், வேர்வை ஆறாகத்தான் ஓடியது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் அவள் கையில் கைக்குட்டையைத் திணித்து, "முகத்தைத் துடைச்சிக்கங்க, குழந்தைங்க நிக்குது," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள். கடைக்காரர் மிச்சத்தை அவள் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார்.

இருபத்தேழாம் தேதி அவள் சதுக்கத்துப் பலகை முன்னால் நின்றாள். அது பெரிய பலகை. அந்த மாதத்தில் இதுவரை போன எல்லா நாளுக்கும் எண் மாட்டியிருந்தார்கள். 21.4, 21.6, 21.4. பழக்கத்தில் கண் மேலிருந்து கீழே ஓடியது. ஏழாம் தேதி, 20.7. பதினேழாம் தேதி, 21.7. இன்று இருபத்தேழு, 21.7.

அவள் மறுபடியும் ஏழாம் தேதிக்குப் போனாள்.

ஒரு நிலையத்திலிருந்து அன்றைய வெப்பநிலை எழுதிய அட்டை வராவிட்டால் அந்த நாளைக் காலியாக விடக் கூடாது. பக்கத்து மூன்று நிலையங்களின் எண்களைக் கூட்டி வகுத்து எழுத வேண்டும். அலுவலகத்தில் அதற்குப் 'பள்ளம் நிரப்புவது' என்று பெயர். பதினாறு வருடம் அவள் நிரப்பினாள், எந்தப் பள்ளம் எந்த நிலையத்துடையது என்று மனதில் வைக்காமல். அவளுக்குப் பழக்கங்கள் இருந்தன. அடுத்தடுத்த இரண்டு நாளுக்கு ஒரே எண் வந்தால் இரண்டாவதில் இரண்டு புள்ளி ஏற்றுவாள். இயற்கை ஒரே எண்ணை இரண்டு தடவை எழுதாது என்பது அவள் கொள்கை. இன்னொன்றுக்குக் காரணமே கிடையாது. தேதி ஏழில் முடிந்தால் எண்ணையும் ஏழில் முடிப்பாள். ஏழின் வயிற்றில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவது அவளுக்குப் பிடிக்கும்.

நிரப்பிய எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட வேண்டும் என்பது விதி. அவள் தவறாமல் போட்டாள். பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர்களின் விசைப்பலகையில் எண்களுக்கு விசை இருந்தது, வட்டத்துக்கு இல்லை. மேசைமேல் அவள் ஊர் பார்த்தது கம்ப்யூட்டர் கொடுத்த பட்டியலை வைத்து.

பதினேழைச் சுற்றியிருந்த மூன்று நிலையங்களும் மலை உச்சியில் இருந்தன.

நகர சபைக்குப் பின்னால் வேலி போட்ட புல்வெளி. புல் கருகி மண் தெரிந்தது. நடுவில் நாலு கால்களில் சரிவுப் பலகைகள் அடித்த வெள்ளைப் பெட்டி. எல்லா நிலையங்களிலும் இருப்பதுதான், வெப்பமானிகளை வெயில் படாமல் வைக்கும் பெட்டி. பக்கத்தில் ஓர் அறை. அறைக்கு வெளியே கட்டிய கொடியில் கைக்குட்டைகள் காய்ந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

உள்ளேயிருந்து வந்த நிலையப் பொறுப்பாளருக்கு அவள் வயதுதான் இருக்கும். ஒல்லி. கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டர்.

"வாங்க," என்றார். "ஆறு நாள் ஆச்சு, இன்னும் வரலையேன்னு பாத்தேன். டீ குடிக்கறீங்களா? சூடா வேணாம்ல?"

அவள் பெட்டியைத் திறந்தாள். வெப்பமானிகள் மாட்டும் ஆணிகள் மட்டும் இருந்தன. மூலையில் வைக்கோல் கூடு ஒன்று, காலி.

"பறவைங்க?"

"அதுங்களுக்குப் படிக்கத் தெரியாதே," என்றார் அவர்.

அறைக்குள் மேசைமேல் பதிவேட்டின் கார்பன் பிரதிகள். நிரப்பிய பக்கங்களின் பிரதியை ஒவ்வொரு வருடமும் அந்தந்த நிலையத்துக்கு அனுப்புவது வழக்கம். பன்னிரண்டு வருடம், அத்தனையும் அவள் கையெழுத்து. ஒவ்வொரு ஏழிலும் குறுக்குக் கோடு.

"விண்ணப்பம் வந்த அன்னைக்கே அதுல குறுக்குக் கோடு போட்ட ஏழைப் பாத்துட்டேன்," என்றார். "அப்பவே வீட்டுக்காரம்மாகிட்ட வீட்டை வெள்ளையடிக்கச் சொன்னேன்."

"அட்டை அனுப்பறதை ஏன் நிறுத்தினீங்க?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு கோடையில நாப்பத்திநாலுன்னு பலகைல மாட்டினேன். மாட்டின மத்தியானமே சதுக்கத்துல பதினொரு பேரு விழுந்தாங்க. காலைலேர்ந்தே அதே வெயில்தான். பாத்தப்புறம்தான் விழுந்தாங்க. ஊர்ல ரெண்டு கட்சி இருந்துச்சு. ஒரு கட்சி, ஊரையே காலி பண்ணணும்னுச்சு."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணுதான் இப்ப இருக்கு." அவர் டீயை ஆற்றினார். "எண் மாட்டாதே, அனுப்பாதேன்னாங்க. சும்மா இருந்தேன். அப்பவும் ஆளு விழுந்துக்கிட்டுதான் இருந்தாங்க. அப்புறம் உங்க புத்தகம் வந்துச்சு. நான் ஒரு நாளும் அனுப்பாத எண்ணெல்லாம் அதுல இருக்கு. இருபத்தொண்ணு, இருபத்தொண்ணேகால். சபைத் தலைவர் பாத்துட்டு, இதை மாட்டுய்யான்னார். போன வருஷத்துப் புத்தகத்துல இன்னைக்குத் தேதிக்கு என்ன இருக்கோ அதை மாட்டுவோம். மூணாம் நாள் ஒரு அம்மா வந்து போர்வை எங்க விக்கும்னு கேட்டாங்க."

அவள் ஸ்வெட்டர் கையால் கழுத்தைத் துடைத்தாள். அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

"வேர்க்கறவங்களை என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ணமாட்டோம். ரயிலேத்தி விட்டுடுவோம்."

"ரயில் வாரத்துக்கு ஒண்ணுதானே. அது வரைக்கும்?"

"அது வரைக்கும் ஜன்னலை சாத்தி வெப்போம். ஒருத்தரைப் பாத்து இன்னொருத்தருக்கு வேர்த்துடும்." கோப்பையைக் கீழே வைத்தார். "முக்கியமான விஷயத்துக்கு வரேன். உங்க கையெழுத்து இந்த மாசம் முப்பதாம் தேதியோட முடியுது. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் அடிச்ச தாளுதான். அதை ஒரு தடவை சும்மா மாட்டிப் பாத்தோம். மூணு நாளும் இருபத்தொண்ணு புள்ளி அஞ்சு. சாயங்காலமே தெருவுல ரெண்டு பேரு சட்டைக் காலரைத் தளர்த்தினாங்க."

"பழைய புத்தகம் இருக்கே."

"அதையும் போட்டோம். அந்தத் தெருக்கோடில ஒரு அம்மா இருக்காங்க, நல்ல ஞாபகசக்தி. இது அஞ்சு வருஷத்துக்கு முந்திப் போட்டதாச்சேன்னாங்க. சொல்லிட்டு வேர்த்தாங்க. அந்தத் தெருவே வேர்த்துச்சு."

"நீங்களே எழுதலாமே."

"எழுதினேன். பத்து நாள்ல பதினஞ்சுக்குக் கொண்டு வந்துட்டேன்." அவர் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். "ஆசைப்பட்டு எழுதறேன்ல. நீங்க ஆசையில்லாம எழுதுவீங்க. அதான் நம்பறாங்க."

அவள் எழுந்தாள். நாளை இருபத்தெட்டு, ரயில் நாள்.

"பாப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று அவர் பின்னாலிருந்து கேட்டார்.

அவள் வேலியைத் திறந்து வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். கணவன் ஸ்வெட்டரோடு வந்து நின்றான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வட்டம், மலை உச்சி, பதினொரு பேர். அவன் பொறுமையாகக் கேட்டான், அச்சுக்குப் போகும் பக்கத்தை வாசிக்கக் கேட்பது மாதிரி.

"எங்க போறது?" என்றான். "அங்க படியில ஒருத்தன் உக்காந்திருக்கான். இவளுக்கு அங்க ஒரு மாசம் தாங்காது. நீயே சொல்லு. நாப்பத்திரெண்டு ஊர்ல கோடு போட்டது நாமதானே."

"இங்க இருக்கறது பொய்."

"இவ மூச்சு விடறா. அதுவும் பொய்யா?"

அவளுக்குப் பொறுக்கவில்லை. பதினாறு வருட வேலைக்கு அவளிடம் இருந்த ஒரே மரியாதை, உண்மையான எண் தெரிந்தால் அதைத்தான் எழுத வேண்டும் என்பது. துண்டுக்கடியிலிருந்த வெப்பமானியை எடுத்தாள். தரையில் படம் வரைந்துகொண்டிருந்த சிட்டுவின் முன்னால் நீட்டினாள். எண்ணைப் பார்த்தால் குழந்தை தானே புரிந்துகொள்வாள், நாளை அழாமல் ரயிலேறுவாள். அப்படித்தான் நினைத்தாள்.

"இது என்ன காட்டுதுன்னு படி."

சிட்டு படிப்பில் கெட்டி. "நாப்பத்தொண்ணு," என்றாள்.

பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் நெற்றி, கழுத்து, நனைந்த கை. குழந்தையின் மேலுதட்டில் ஒரு முத்து வேர்வை வந்தது. அப்புறம் நெற்றியில் ஒன்று. ஸ்வெட்டரை இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றப் பார்த்தாள். தலை மாட்டிக்கொண்டது. கம்பளிக்கு உள்ளேயிருந்து அந்த விசில் வந்தது.

கணவன் பாய்ந்து வந்து ஸ்வெட்டரை உருவினான். மருந்துக்குழலை வாயில் வைத்து அழுத்தினான். இரண்டு தடவை, மூன்று தடவை. சிட்டுவின் உதடு நீலம் பாரித்தது. அவனுக்கும் வேர்த்துவிட்டது. "எதுக்குடி காட்டினே," என்று சொல்லிக்கொண்டே இருந்தான், மெதுவாக. கீழே வீட்டுக்காரம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் வெப்பமானியைத் தரையில் ஓங்கி அடித்தாள். பாதரசம் சிதறி, உருண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

கட்டில்மேல் கிடந்த துண்டை எடுத்தாள். முகத்தை, கழுத்தை, கைகளை, விரலிடுக்குகளை அழுந்தத் துடைத்தாள். பிறகு சிட்டுவின் முன்னால் மண்டியிட்டாள்.

"சிட்டு, இங்க பாரு. அது கெட்டுப்போன மீட்டர். ரயில்ல வரப்ப அடிபட்டுடுச்சு."

குழந்தையின் கண் செருகிச் செருகித் திறந்தது.

"அம்மா இத்தனை வருஷம் என்ன வேலை பாத்தேன்? ஊர் ஊரா எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர்னு எழுதற வேலைதானே? ஒரு நாளாவது தப்பா எழுதியிருக்கேனா? நான் சொல்றேன். இருபத்தொண்ணு புள்ளி ஏழு."

அலுவலகத்தில் வரிசையாக எண்களை வாசித்துக் காட்டும் குரல் அது. அவளுக்கே அது தன் வாயிலிருந்து வருவதாகத் தெரியவில்லை.

சிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் நீண்டது. இறங்கியது. இன்னும் இறங்கியது. மேலுதட்டிலிருந்த முத்து காய்ந்துபோனது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டி ஸ்வெட்டரைக் கேட்டாள்.

மறுநாள் ரயில் புறப்படும் ஓசை மலையில் பட்டுத் திரும்பி வந்தது. கணவன் வெளியே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். காதில் பென்சில் இல்லை.

அவள் வேலிக்குள் நுழைந்து அறைக்குப் போனாள். அவர் ஏற்கெனவே புதுப் பதிவேட்டில் கட்டம் போட்டு, பேனாவுக்கு மை ஊற்றி வைத்திருந்தார். அவள் ஸ்வெட்டருக்குள் முதுகுத்தண்டு வழியாக வேர்வை இறங்கியது. இது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எழுதுகிறவள் எப்படி நம்புவாள்?

முதல் தேதி. கை தானாகவே பதினெட்டை நோக்கிப் போனது. குழந்தைக்குக் கொஞ்சம் கூடுதல் குளிர், கொஞ்சம் கூடுதல் மூச்சு. பேனாவை நிறுத்தினாள். கண்ணை மூடி, மூன்று மலை உச்சிகளைக் கூட்டி, மூன்றால் வகுத்தாள். 21.3 என்று எழுதினாள். இரண்டாம் தேதிக்கும் அதே எண்தான் வந்தது. இரண்டு புள்ளி ஏற்றினாள்.

மதியம்வரை எழுதினாள். அவர் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. ஏழாம் தேதிக்கு வந்தபோது மட்டும் எட்டிப் பார்த்து, குறுக்குக் கோடு விழுவதைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

கிளம்பும்போது அவர் முதுகு பக்கத்தில் வந்தது. ஸ்வெட்டரின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, கம்பளி கறுத்துக் கிடந்தது. அவள் அந்த ஈரத்தைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள்.

"எத்தனை வருஷமா?" என்றாள்.

"பன்னெண்டு."

"வீட்டுல யாரும்..."

"ஒரு பையன் இருந்தான். சாத்தின ஜன்னலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து என்னைப் பாப்பான். இப்ப பெரியவனாயிட்டான். பாக்கறதில்ல."

அவர் கொடிக்குப் போய், காய்ந்த கைக்குட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து, நாலாக மடித்து அவளிடம் கொடுத்தார்.

"முகத்தை விடுங்க, அதை எல்லாரும் ஞாபகமாத் துடைச்சுடுவோம்," என்றார். "உள்ளங்கையை மறந்துடாதீங்க. பிள்ளைங்க அதைத்தான் முதல்ல பிடிக்கும்."

தெருமுனையில் சிட்டு நின்றிருந்தாள். அம்மாவைக் கண்டதும் கம்பளித் துண்டு பறக்க ஓடிவந்தாள், விசில் இல்லாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. அவள் நின்ற இடத்திலேயே திரும்பி, சுவரைப் பார்த்து, அவசரமாகக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.